கிடாவுக்குப் பெயர் வைக்கலாமா? காரையாற்றுக் குடில்களில் சிறார்: ஓர் ஆய்வு

களக்காடு–முண்டந்துறை, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், 1988-இல் ஏற்பட்டது. அங்குள்ள புலியை, யானையை, சிங்கவால் குரங்கை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர்கள் பலர். ஆடி அமாவாசைக்கு அதே காட்டுக்குள் கூட்டம் கூட்டமாக வந்திறங்கும் 'அரை டிக்கெட்' என்னும் இனத்தை மட்டும் அறிவுலகம் கண்டுகொள்ளவில்லை. அக்குறை இங்கே களையப்படுகிறது.

ஆய்வுக்களம், பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில், தாமிரபரணிக் கரையிலுள்ள சொரிமுத்து அய்யனார் கோயில். முன்பு குடும்பம் குடும்பமாக வாரக்கணக்கில் குடில் போட்டுக் கிடப்பார்கள். இப்போது வனத்துறை அனுமதிக்கும் சில நாட்கள்தான். இந்த விழாவில் வேடிக்கை பார்ப்பவர் என்று தனியாக யாரும் கிடையாது. ஒருவர் கம்பு நடுவார், ஒருவர் அடுப்பு கூட்டுவார், ஒருவர் தேங்காய் துருவுவார். பிள்ளைகளுக்கு மட்டும் ஒதுக்கப்படும் வேலை, "சும்மா கிடல." பிள்ளைகளால் செய்யவே முடியாத வேலை உலகில் அது ஒன்றுதான்.

சும்மா கிடக்காத பிள்ளை கேள்வி கேட்கும். இக்கோயிலின் பரிவாரத் தெய்வமான பட்டவராயன் சன்னதியில் நேர்த்திக்கடனாகச் செருப்புகள் தொங்குகின்றன. சாமி இரவில் காட்டைச் சுற்றி வருவதால் அவை தேய்ந்துபோகும் என்பது நம்பிக்கை. "அப்பா, சாமிக்கு எத்தனாம் நம்பர் செருப்பு?" இதற்கு விடையளித்த தகப்பன் எவரும் ஆய்வாளர் கண்ணில் படவில்லை.

கேள்வி தாங்காமல் பெரியவர்கள் எடுக்கும் முடிவுதான் நம் ஆய்வின் மையம்: பலிக்குக் கொண்டுவந்த கிடாவின் கயிற்றைப் பிள்ளை கையில் கொடுத்துவிடுவது. கயிறு கைமாறிய சற்று நேரத்தில் பையன் கிடாவுக்குக் குழை ஒடித்துப் போடுகிறான். அடுத்து முறுக்கில் பாதி. அடுத்து 'புஜ்ஜி' என்று பெயர். பெயர் விழுந்ததும் அது சொந்தக்காரர் ஆகிவிடுகிறது. பிறகு நடப்பதெல்லாம் குடும்பத் தகராறு.

இவ்விடத்தில் இறையியலும் குழப்பம் செய்கிறது. அய்யனாருக்குச் சைவப் படையல். கிடா, பரிவாரத் தெய்வங்களுக்கு. விவரம் தெரிந்த மாமா ஒருவர், "அய்யனாரு கறி திங்க மாட்டாருல" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டார். புஜ்ஜிக்குப் பொதுமன்னிப்பு கிடைத்துவிட்டதாகவே பையன் எடுத்துக்கொண்டான்.

மறுநாள்:

"ஆச்சி, புஜ்ஜிய எங்க?"

"அய்யனாரு கூட மலைக்குப் போயிருக்குய்யா."

"எப்ப வரும்?"

ஆச்சி அடுப்பை ஊதப் போய்விட்டாள். பையன் போட்ட அவயம் ஆற்றின் மறுகரையில் எதிரொலித்தது. ஆனால் துயரத்தின் ஆயுள், மசாலா வதங்கும் வரைதான். மத்தியானம் இலையில் உட்கார்ந்தவன், "இன்னொரு எலும்பு வைங்க" என்றான். கேட்கவேண்டிய கேள்வியை அவனும் கேட்கவில்லை, சொல்லவேண்டிய பதிலை மற்றவர்களும் சொல்லவில்லை. குற்றவுணர்ச்சியில் கறி இறங்காமல் தவித்தது மாமா மட்டுமே.

ஆகவே பெற்றோர் கவனத்துக்கு: வேலை கொடுங்கள், கயிற்றைக் கொடுக்காதீர்கள். ஒரு சுளகு நிறையச் சின்ன உள்ளியை முன்னால் வைத்து உரிக்கச் சொல்லுங்கள். எப்படியும் அழத்தான் போகிறார்கள், குழம்புக்காவது ஆகும்.