பைப்புக்கு வேர்க்கணும்

முதலாளி காரில் ஏசி நின்றால் அது அவசரம். கடைப் பிக்கப்பில் நின்றால் அது ஷார்ஜாவின் வானிலை. 1990 வாக்கில் ஷார்ஜாவின் ரோலா பகுதியில் கடை கடையாகச் சரக்கு இறக்கியவர்கள் யாரைக் கேட்டாலும் இந்தச் சட்டத்தை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். நான் ஓட்டியது ஒரு டன் பிக்கப். அதில் ஏசி இருந்ததற்கு ஒரே ஆதாரம் டேஷ்போர்டில் இருந்த பொத்தான். அழுத்தினால் ப்ளோயர் ஓடும். வெளியே கிடந்த 45 டிகிரிச் சூட்டை அள்ளி முகத்தில் அடிக்கும். முதலாளியிடம் போய்ச் சொன்னால், "கண்ணாடிய எறக்கி விட்டுக்க, கடக்காத்து வரும்" என்பார். வரத்தான் செய்தது. ஆகஸ்டில் ஷார்ஜாக் கடல்காற்றில் காற்று கம்மி, தண்ணீர்தான் ஜாஸ்தி.

ஈரத்துண்டு கழுத்தில், அட்டைப்பெட்டியைக் கிழித்து சீட்டில், ஸ்டீயரிங்கைப் பிடிக்கக் கைக்குட்டை. முன்னால் மூன்று பேர் உட்காருவோம். நடுவில் இருப்பவனுக்கு கியர் மாற்றும்போதெல்லாம் முட்டியில் ஒரு இடி. யாரும் பெரிதாகக் குறை சொன்னதில்லை. தங்கும் ரூமில் ஜன்னல் ஏசி ஓடியது. ஊருக்கு எழுதும் கடிதத்தில் அதற்கே ஒரு பத்தி ஒதுக்கியிருந்தோம்.

ஏசிக்கு முன்பும் ரோலாவில் ஜனங்கள் குளிர்ச்சிக்காகத்தான் கூடினார்கள். பெரிய ஆலமரம் ஒன்று நின்றதாம்; அதன் நிழலில் ஆட்கள் கூடுவதும், பெருநாளைக்கு விழுதில் ஊஞ்சல் கட்டுவதும் அங்கேதானாம். நாங்கள் போனபோது மரம் இல்லை, மரத்துக்கு நினைவுச்சின்னம் இருந்தது. அதன் நிழலில் அவ்வளவு பேர் நிற்க முடியாது.

ஏசிக்கு வைத்தியம் பார்க்க சனையா என்கிற இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்குத்தான் போக வேண்டும். அங்கே நாசரேத் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் இருந்தார். ஊர் வண்டிகளுக்கெல்லாம் குளிர் ஏற்றிய அவருடைய ஷெட்டில் ஏசி கிடையாது. தகரக் கூரை, ஒரு ஸ்டாண்ட் ஃபேன். அந்த ஃபேனும் அவரைப் பார்த்துச் சுற்றாது. பானெட் திறந்த வண்டியின் கண்டன்சரைப் பார்த்துச் சுற்றும்.

அவருக்கு முதல் கருவி கைதான். எஞ்சினை ஓட விட்டு இரண்டு பைப்பையும் தொடுவார். மெல்லிசு பைப் சுட வேண்டும், தடித்தது சில்லிட வேண்டும். "தடிச்ச பைப்புக்கு வேர்க்கணும் தம்பி. அதுக்கு வேர்த்தா ஒனக்கு வேர்க்காது." அடுத்தது ட்ரையரின் தலையில் இருக்கும் சின்னக் கண்ணாடி. உள்ளே நுரை ஓடினால் கேஸ் குறைவு. எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க ஒரு விளக்கு வைத்திருந்தார்: நீலச் சுடர், அதற்குள் ஒரு செம்புத் துண்டு, பக்கத்தில் தொங்கும் ரப்பர் குழாய். குழாயின் வாயை ஜாயிண்ட் ஜாயிண்டாக நகர்த்துவார். ஃப்ரியான் கேஸ் கசிகிற இடம் வந்ததும் சுடர் பச்சையாகிவிடும். எங்கள் வண்டியில் கம்ப்ரசர் சீல் அருகே பச்சை எரிந்தது. சுடரில் வெந்த ஃப்ரியானிலிருந்து பாஸ்ஜீன் என்ற விஷவாயுவும் கொஞ்சம் வரும் என்று பிற்பாடு படித்தேன். அண்ணாச்சி பீடியோடு சேர்த்து அதையும் இழுத்திருக்கிறார்.

அந்தக் காலத்து கேஸ் ஆர்-12. பைப்பைக் கழற்றுமுன் மிச்சமிருப்பதைப் புஸ்ஸென்று காற்றில் விடுவார்கள். சனையா முழுக்க அதுதான் நடைமுறை. இந்தக் கேஸ்கள் ஓசோனைத் தின்கின்றன என்று விஞ்ஞானிகள் மோலினாவும் ரோலண்டும் 1974-லேயே எழுதிவிட்டார்கள். 1987-ல் மாண்ட்ரியாலில் ஒப்பந்தமும் ஆயிற்று. எங்கள் ஷெட்டுக்குச் செய்தி வந்து சேரச் சுணங்கியது. ஆர்-12 காற்றில் சுமார் 100 ஆண்டு தங்கும். பிக்கப் எப்போதோ உடைப்புக்குப் போய்விட்டது. அதன் கேஸ் இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது.

பிறகு ஆர்-134ஏ வந்தது. அதில் குளோரின் இல்லாததால் அண்ணாச்சியின் பச்சை விளக்குக்கு வேலை போனது. பழைய கம்ப்ரசர் ஆயிலோடும் அது சேராது. ஆயிலை மாற்றாமல் கேஸை மட்டும் ஏற்றிய ஒரு கடையின் புண்ணியத்தில் எங்கள் கம்ப்ரசர் இறுகிப்போனது. கம்ப்ரசரைச் சுற்றாமல் குட்டை பெல்ட் ஒன்றை மாட்டி அனுப்பினார்கள். காரை ஏசியோடு விற்ற முதல் கம்பெனி அமெரிக்காவின் பேக்கார்ட், 1939-ல். அதில் ஏசியை நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை அணைத்து, இறங்கிப் போய், பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அரை நூற்றாண்டு கழித்து நாங்களும் அதையே செய்தோம். என்ன, பேக்கார்ட்காரன் குளிர் போதுமென்று கழற்றினான்.

இப்போது எனக்கே சின்னதாக ஒரு கடை, பிக்கப் என் பெயரில். ஓட்டுகிற தம்பிக்கு ஊர் பட்டுக்கோட்டை. அல் இத்திஹாத் ரோட்டு நெரிசலில் நின்றபடி வாட்ஸ்அப் அனுப்புகிறான்: "அண்ணே, ஏசி சரியில்ல, 22-க்கு கீழ எறங்கல." கண்ணாடியை இறக்கிவிடச் சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் பைக்கில் நிற்கும் டெலிவரிப் பையனைக் காட்டி நியாயம் பேசினால், நானும் என் பழைய முதலாளியும் ஒரே ஆள் ஆகிவிடுவோம்.

வண்டி ஒரு பெரிய கராஜுக்குப் போனது. எனக்கு ஏசி வைத்த காத்திருப்பு அறையும் காப்பியும் கொடுத்தார்கள். வண்டிக்கு லேப்டாப்பை மாட்டினார்கள். பைப்பை யாரும் தொடவில்லை. "கம்ப்ரசர் மாத்தணும்" என்று தீர்ப்பு. கீழே போட்டிருந்த தொகையில் ஊரில் ஒரு பழைய பைக் வாங்கலாம். வண்டியைத் திருப்பிக்கொண்டு சனையாவுக்கே விட்டேன். ஒரு பெங்காலிப் பையன் சாயம் கலந்த கேஸைக் கொஞ்சம் ஏற்றி, கறுப்பு லைட் அடித்துப் பார்த்தான். ஜாயிண்ட் ஒன்றில் பச்சையாக மினுங்கியது. ஓ-ரிங் போயிருக்கிறது. அதன் விலை ஒரு கரக் சாயாவுக்குக்கூட வராது. வேக்யூம் போட்டு, எடை பார்த்து கேஸ் ஏற்றினான். கடைசியில் தடித்த பைப்பைத் தொட்டுவிட்டுத் தலையாட்டினான். அண்ணாச்சியை அவனுக்குத் தெரிய வழியில்லை.

134ஏ ஓசோனை விட்டுவைத்தது, உண்மை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 1,400 மடங்கு வீரியம். அதனால் புது மாடல் பலவற்றில் ஆர்-1234ஒய்எஃப் என்று வேறொன்று வந்திருக்கிறது. அதற்கு அந்தக் குணம் மிகக் குறைவு, விலை மிக அதிகம். இதைக் காற்றில் விட யாருக்கும் மனசு வராது. மாண்ட்ரியால் ஒப்பந்தத்தால் சனையாவில் ஆகாததை விலைச்சீட்டு சாதித்துவிட்டது.

பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சாமான் இல்லை. "கேஸ் கொறஞ்சிருக்கு" என்று ஒருவர் சொன்னால், எந்த வழியாகப் போனது என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் கேஸ் ஏற்றாதீர்கள். கம்ப்ரசரை மாற்றத் தலையாட்டுமுன் கண்டன்சரில் படிந்த மணலை ஒருமுறை தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள்.