கதைய வச்சிக்க, மாப்பிள்ளைய வுட்டுடு

ஏ பாப்பா, ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள்ள செல்போன வச்சிக்கிட்டு நீ படிக்கிறது பரிச்சைக்குத்தான்னு உங்க ஆயா பூரிச்சுப்போய்க் கெடக்கா. நான் காட்டிக்குடுக்கல. நீயா கதையச் சொன்ன பொறவுதான் தெரிஞ்சுது, அது 'டுவைலைட்'டாம். ஸ்டெபனி மேயருங்கற அமெரிக்கப் பொம்பள 2005-ல எழுதுனதாம். பள்ளிக்கூடத்துப் பொண்ணுக்கும் ரத்தக்காட்டேரிக்கும் காதல். நாலு பாகமும் சேந்து பத்துக் கோடிப் பிரதிக்கு மேல வித்துதாம். அதே மாதிரி நீயும் ஒண்ணு எழுதப்போறியாமே, எழுது தாயி. அதுக்கு முன்னாடி இந்தக் கெழவன் நாலு வார்த்த சொல்லிக்கிறன்.

மொதல்ல மாப்பிள்ளைய விசாரிப்போம். பேரு எட்வர்டு, பொறப்பு 1901. 1918-ல விசக்காய்ச்சல்ல சாவக் கெடந்தவன ஒரு காட்டேரி டாக்டரு கடிச்சுப் பொழைக்க வச்சாராம். அன்னையிலேர்ந்து வயசு 17-லயே நிக்குது. கணக்குப் பாத்தா நூறத் தாண்டியாச்சு. என் எதிர வந்தா நான்தான் எழுந்து நிக்கணும். அம்மாம் பெரிய மனுசன் இன்னம் பதினோராங் கிளாசுல ஒக்காந்துருக்காரு!

நம்ம விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில்லயும் கெழம் கொமரியான கதை உண்டு. பசியோட வந்த குரு நமசிவாயர் அம்பாளக் கெழத்தின்னு பாடிப்புட்டாரு. 'கெழவி எப்புடிச் சோறு சொமந்து வருவா'ன்னு அவ கேக்க, அவரு மாத்திப் பாட, பாலாம்பிகையா எளம் பொண்ணா வந்து சோறு போட்டா. அந்த எளமைக்கு ஒரு வேலை இருந்துது. எட்வர்டுக்கு என்னா வேலை? நடுராத்திரி அந்தப் பள்ளிக்கூடத்துப் பொண்ணு பெல்லா ரூமுக்குள்ள பூந்து, அவ தூங்குறத ஒக்காந்து பாக்குறது. அவ அப்பன் அந்த ஊரு போலீசு அதிகாரி. அவரும் அதே வூட்டுலதான் கொறட்ட வுடுறாரு!

குத்தமே சொன்னா கெழவனுக்குப் பொறாமன்னுவ. நல்லதயும் சொல்லிடுறன். கதை எழுதுன அந்தம்மா ஊரப் புடிச்சுது பாரு, அங்கதான் கெட்டி. ஃபோர்க்ஸுன்னு எப்பவும் மழ மூட்டமா இருக்குற ஊரு. வெயில் பட்டா காட்டேரிங்க ஒடம்பு மினுக்குமாம். வெயிலே இல்லாத ஊருங்கறதாலதான் காட்டேரி பள்ளிக்கூடம் போவ முடியுது. நம்ம ஊரு சித்திர வெயில்ல ஒரு நா தாங்குமா அந்தக் காட்டேரிக் குடும்பம்? ரெண்டாவது, எட்வர்டுக்கு பெல்லா மேலயும் ஆச, அவ ரத்தத்து மேலயும் ஆச. அதனால கையத் தொடுறதே கண்டம். மொத பாகம் முழுக்க ஒரு முத்தத்துக்கு மேல போவாமயே உன்னத் தூங்கவுடாம அடிச்சிருக்குல்ல, அது வித்த. மூணாவது, சமதரையில தடுக்கி வுழுவுற, அப்பனுக்குச் சோறாக்கிப் போடுற சாதாரணப் பொண்ணு பெல்லா. நம்மள யாரு பாப்பாங்கன்னு மருவுற ஒவ்வொரு புள்ளயும் அவளாயிடுது.

ஆனா பாப்பா, நம்ம ஊர்ல பீங்கான் வாங்குறவன் பளபளப்ப மட்டும் பாக்க மாட்டான். வெரலால சுண்டிப் பாப்பான். கணீர்னா சரக்கு, சொத்தையாக் கேட்டா உள்ள கீறல். கிளேஸ் பூசிச் சூளையில வச்சா கீறல் மறையும், போவாது. இந்தக் கதையச் சுண்டு. வில்லன் நேருக்கு நேரா வந்து நிக்கும்போது புத்தகம் முக்காவாசி முடிஞ்சுபோச்சு. எட்வர்டு அழகையே பக்கத்துக்குப் பக்கம் வர்ணிச்சு வாய் வலிக்குது. ரெண்டாம் பாகத்துல அவன் போயிட்டா பொண்ணு அத்தோட முடிஞ்சா. அக்டோபர்லேர்ந்து மாசப் பேரு மட்டும் போட்டு வெறும் பக்கமா வுட்டுருக்கு. அவளுக்குன்னு ஒரு படிப்பு, ஒரு ஆச, ஒண்ணும் கெடையாது. மூணாம் பாகத்துல சிநேகிதனப் பாக்கப் போவாத மாதிரி அவ வண்டி எஞ்சின்லேர்ந்து ஒரு சாமானக் கழட்டிடுறான். அதுக்குப் பேரு பாசமாம்!

பயமும் பத்தல. சொ. விருத்தாசலம்னு நம்ம ஊரு பேரையே வச்சிருந்தாரே, 1906-ல இங்க பக்கத்துத் திருப்பாதிரிப்புலியூர்ல பொறந்த புதுமைப்பித்தன், அவரு 'காஞ்சனை' கதையப் படி. பொண்டாட்டி கழுத்துல குண்டூசி முனையாட்டம் ஒரு பொட்டு ரத்தம், அவ்வளவுதான். வூட்டுக்கு வந்த பொம்பள பேயா மனுசியான்னு கடைசி வரைக்கும் ஒடச்சுச் சொல்லல. இன்னைக்கும் படிச்சா கதவுத் தாழ்ப்பாள ரெண்டு தடவ பாக்கத் தோணும்.

அதனால நீ எழுதுறப்ப, முந்திரிக்காட்டுலேர்ந்து பேயக் கொண்டா, காதலிக்க வுடு, ஏங்க வையி. ஆனா அவன் போயிட்டா உன் பொண்ணு மறுநாள் எழுந்து பரிச்ச எழுதட்டும். அவன் அவ வண்டில கைய வச்சா, வெளக்கமாத்த எடுக்கட்டும். டுவைலைட்டையும் முழுசாப் படிச்சு முடி, தப்பில்ல. அந்த மாதிரி ஒருத்தன் நெசமாவே சன்னலாண்ட வந்தா மட்டும் என்ன எழுப்பு.