சில்க் போர்டு முல்லை: பெங்களூர்க் காணொளிகளின் திணை குறித்து ஓர் ஆய்வு

வாட்ஸ்அப்பில் வந்து குவியும் வேடிக்கைக் காணொளிகளைச் சேர்த்து வைப்பதும், அவற்றைப் பத்துப் பேருக்குத் தள்ளிவிடுவதும் வேலையற்றவர் வேலை என்றே அறிஞர் இதுகாறும் கொண்டனர். அது பிழை. அவர்கள் செய்வது தொகை இலக்கியப் பணி. பெங்களூரில் எடுக்கப்பட்டு நாடெங்கும் சுற்றிய காணொளிகள் யாவும் முல்லைத் திணையின்பாற்படும் என்பது இக்கட்டுரையின் துணிபு. முல்லைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். மழைக்கால மாலையில் பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நிற்பவருக்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை. கருப்பொருளாகிய மாடும் அங்கே நடுச்சாலையில் உண்டு. ஆயினும் ஆய்வு என்றால் அடுக்கித்தான் ஆகவேண்டும்.

முதலில் பொழுது. 2019 செப்டம்பரில், சந்திரயான்-2 நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த வேளையில், ஓவியர் பாதல் நஞ்சுண்டசாமி ஒரு நடிகருக்கு விண்வெளி உடை மாட்டி, குண்டும் குழியுமான தெருவில் மெல்ல நடக்கவிட்டார். நிலாத்தரை என்று நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் ஆட்டோ போகும். 2022 செப்டம்பரில் பெள்ளந்தூர்ப் பக்கம் வெள்ளம் சூழ, மென்பொருள் பொறியாளர்கள் டிராக்டரில் ஏறி அலுவலகம் போனார்கள். 2023 செப்டம்பர் 27 அன்று வெளிவட்டச் சாலை நெரிசலில் சிக்கிய ஒருவர் பீட்சா வரவழைக்க, கொண்டுவந்தவர்கள் அவர் கார் நின்ற இடத்தைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மூன்றும் ஆவணி, புரட்டாசி, அதாவது கார்காலம். இது தற்செயல் என்பவர் தற்செயல் எத்தனை முறை நிகழலாம் என்று முதலில் சொல்லட்டும். இனி உரிப்பொருள். 2022இல் டாம்டாம் நிறுவனம் எடுத்த கணக்குப்படி, நகரின் நடுப்பகுதியில் 10 கிலோமீட்டர் கடக்க 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. உலகில் இரண்டாம் இடம். முல்லைத் தலைவன் தேரை விரைந்து செலுத்து என்று பாகனிடம் கேட்பான். இங்கே பாகன் ஓலா ஓட்டுநர்; கேட்டால் கண்ணாடி வழியே ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

மறுப்புகள் உண்டு. விண்வெளி நடை இரவில் எடுக்கப்பட்டது, ஆகவே குறிஞ்சி என்பர். குறிஞ்சிக்கு உரியது புணர்தல். அத்தெருவில் புணர்ந்தவை சக்கரமும் பள்ளமும் மட்டுமே. டிராக்டர் மருதத்துக்கு உரியது, வர்த்தூர் ஏரியின் நுரை நெய்தலுக்கு உரியது என்பர் வேறு சிலர். உரிப்பொருள் தவிர மற்றவை மயங்கலாம் என்று தொல்காப்பியமே இடங்கொடுக்கிறது. தண்ணீர் வடியக் காத்திருப்பதும் இருத்தலே. 2023 ஜனவரியில் கே.ஆர். மார்க்கெட் மேம்பாலத்தில் நின்று ஒருவர் பத்து ரூபாய்த் தாள்களை வீசினாரே, அதில் காத்திருப்பு எங்கே என்பது சற்று வலுவான கேள்விதான். மாதமும் இடிக்கிறது. ஆனால் அவர் கழுத்தில் ஒரு சுவர்க்கடிகாரம் தொங்கியதை மறுப்பாளர் கவனிக்கவில்லை. முல்லைப்பாட்டின் பாசறையில் நாழிகைக் கணக்கர் வருவதை நினைத்துப் பார்த்தால் ஐயம் தீரும். விண்வெளி நடை வெறும் நடிப்பு என்பது கடைசி மறுப்பு. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் சேர்ந்ததுதான் புலனெறி வழக்கம். உடை நாடகம், பள்ளம் உலகியல். அந்தக் காணொளி பரவியதும் மாநகராட்சி பள்ளத்தை மூட ஆள் அனுப்பியது. இத்தகைய பயன் விளைந்த அகப்பாட்டு எதுவும் நானறிய இல்லை.

தொகுக்கும் முறையும் பழையதே. 4 முதல் 8 அடி குறுந்தொகை, 9 முதல் 12 நற்றிணை, 13 முதல் 31 அகநானூறு என்று நம் முன்னோர் அடி எண்ணிப் பிரித்தார்கள். இன்று நொடி எண்ணுகிறார்கள்: 2020இல் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தபோது அதற்கு 15 நொடிதான் வரம்பு. பெயர் மறைந்த புலவரைச் செம்புலப்பெயல்நீரார் என்று அவர் பாட்டின் தொடராலேயே அழைத்தார்கள்; இன்று ‘கடிகாரக்காரர்’, ‘பீட்சாக்காரர்’.

ஓரிடத்தில் மட்டும் இன்றைய தொகுப்பாளர் தவறுகிறார். பழந்தொகுப்பில் யார் கூற்று, என்ன துறை, யார் பாடியது என்ற குறிப்பு பாட்டின் கீழே இருக்கும். இன்றைய காணொளி குறிப்பின்றி வருகிறது; அதன் விளைவு சிறிதன்று. கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம் ஒன்று, அதைச் சொல்லும் கடைசிப் பகுதி வெட்டப்பட்டு, பிள்ளை பிடிப்பவர் படமாக இங்கே சுற்றியது. 2018இல் இத்தகைய வதந்திகளால் நாட்டில் பலர் அடித்துக் கொல்லப்பட்டனர். பெங்களூரிலும் ஒருவர் செத்தார். அதன் பிறகே வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. இது ஒன்றில் மட்டும் கேலிக்கு இடமில்லை. ஆகவே தொகுப்பாளப் பெருமக்களே, அனுப்புமுன் எந்த ஊர், எந்த நாள், யார் எடுத்தது என்று ஒரு வரி எழுதிச் சேருங்கள். சிக்னல் விழ இன்னும் நேரம் இருக்கிறது.