விருது வாங்கும் கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பது எப்படி?

கதை பிறகு. முதலில் கேமரா. கலரில் எடுத்து, டி.ஐ. என்கிற கணினி நிறத்திருத்தத்தில் நிறத்தை உருவுவதா, நிறமே தெரியாத மோனோக்ரோம் கேமராவை வாடகைக்குப் பிடிப்பதா என்ற சர்ச்சையிலேயே ஆறு மாதம் தாராளமாக ஓடும். அதற்குள் கதாநாயகனின் கால்ஷீட் போய்விடும்; பாதகமில்லை.

மோனோக்ரோம் கட்சியில் சேர்ந்தால் இப்படிப் பேச வேண்டும்: சாதாரண சென்சாரின் மேல் பேயர் என்ற வண்ணக் கட்டம் ஒட்டியிருக்கிறது. பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். ஒவ்வொரு புள்ளியும் தன் நிறத்தை வாங்கிக்கொண்டு மற்றதைத் தடுத்துவிடும். விடுபட்டதை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்புகிறார்கள். கட்டத்தை எடுத்துவிட்டால் ஊகம் இல்லை, கூர்மை கூடும், ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிச்சமும் மிச்சம். அப்படி மிச்சம் பிடித்ததை, வானம் கறுக்க வேண்டுமென்று லென்ஸில் சிவப்பு ஃபில்டர் போட்டு மூன்று ஸ்டாப்பாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முன்னுதாரணம் கேட்டால் டேவிட் ஃபின்ச்சரின் 'மேங்க்' (2020). ரெட் நிறுவனத்தின் 8கே மோனோக்ரோம் கேமராவில் அத்தனை துல்லியமாக எடுத்துவிட்டு, பிறகு உட்கார்ந்து பழைய பிரிண்ட் போலக் கீறலும் ரீல் மாற்றும் புள்ளியும் சேர்த்தார்கள். ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர். எதிர்க்கட்சி உடனே 'ரோமா'வை (2018) நீட்டும்: அல்ஃபோன்சோ குவாரோன் கலரில் எடுத்து நிறத்தை நீக்கியது. அதற்கும் அதே ஆஸ்கர். 'தி லைட்ஹவுஸ்' (2019) நிஜமான கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுக்கப்பட்டது; பரிந்துரையோடு நின்றது. ஃபிலிம் கட்சிக்கு டெபாசிட் தப்பியது, அவ்வளவுதான்.

கலர் கட்சிக்காரர்களுக்கு ஒரு பயிற்சி. நாயகிக்குச் சிவப்புப் புடவை, பின்னால் வாழைத்தோப்பு. கண்ணைப் பறிக்கும். சேச்சுரேஷனைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள்: புடவையும் தோப்பும் ஒரே சாம்பலாகி, ஒரு முகமும் இரண்டு கைகளும் மட்டும் அந்தரத்தில் நடந்து வரும். கலங்க வேண்டாம். கலர் ஃபைல் கையில் இருக்கிறது, சிவப்பை ஏற்றுங்கள். உதடு வெளுத்துப்போகும், உதட்டுக்குத் தனியாக மாஸ்க். வானத்து நீலத்தை அளவுக்கு மீறி இறக்கினால் இரைச்சல் கிளம்பும். பேட்டியில் அதை 'கிரெயின்' என்று சொல்லிக்கொள்ளலாம். படப்பிடிப்புக்கு முன்பே புடவையை மாற்றச் சொல்லும் காஸ்ட்யூமரை மட்டும் அண்டவிடாதீர்கள். அவர் பேச்சைக் கேட்டால் எந்தக் கேமராவானாலும் சரியாகிவிடும், சர்ச்சைக்கு வேலையே இருக்காது.

மோனோக்ரோமின் நிஜ லாபம் வேறு. யார் மனம் மாறினாலும் கலர் திரும்பாது. அலெக்ஸாண்டர் பெய்ன் 'நெப்ராஸ்கா'வை (2013) கலர் கேமராவில் எடுத்தார். ஸ்டுடியோவுக்காக ஒரு கலர் பிரதியும் செய்துகொடுக்க வேண்டியிருந்தது. பிற்பாடு அது தொலைக்காட்சியிலும் வந்துவிட்டது.

ஆகவே தயாரிப்பாளரிடம் கேமராவின் பெயரைச் சொல்லுங்கள், குணத்தைச் சொல்லாதீர்கள். அவர் மானிட்டரை எட்டிப் பார்த்து "கலர் எங்கய்யா?" என்றால், "டி.ஐ.யில வரும் சார்."