தாம்பரம் வட்டாரப் பரண்களில் நுழைவுத் தேர்வு மெட்டீரியல்: ஓர் அடுக்கியல் ஆய்வு

1863ஆம் ஆண்டு மே 30 அன்று பல்லாவரத்துச் சரளைக் குழி ஒன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கைக்கோடரி அது. பழைய கற்கால மனிதன் இந்தியாவில் வாழ்ந்ததற்கு முதல் சான்று அன்றுதான் கிடைத்தது. அதற்கப்புறம் இந்த வட்டாரத்தில் தரைக்குக் கீழே தேடியவர்கள் உண்டு. தலைக்கு மேலே தேடியவர் எவரும் இல்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். களம், பல்லாவரம் தொடங்கிக் கூடுவாஞ்சேரி வரையிலான வீடுகளில் படுக்கையறைக் கதவுக்கு மேலே நீளும் பரண். அதை வீட்டுக்காரர்கள் லாஃப்ட் என்கிறார்கள். ஆய்வுப் பொருள், மெட்டீரியல்.

மெட்டீரியலைப் புத்தகத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. புத்தகத்துக்கு ஆசிரியர் இருப்பார். மெட்டீரியலுக்கு கோச்சிங் சென்டரின் பெயரும், போன வருஷம் ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் பாஸ்போர்ட் சைஸ் முகங்களும்தான் உண்டு. புத்தகத்தை யாரும் கடையில் வாங்கிவிடலாம். மெட்டீரியல் ஃபீஸ் கட்டினவர்களுக்கு மட்டும், தவணைக்கொரு கட்டாக, சென்டர் பெயர் போட்ட பையில் வந்து சேரும். பையின் ஜிப் முதல் மழைக்கு முன்பே போய்விடும். உள்ளே இருப்பதற்குத்தான் அழிவில்லை.

ஆய்வுக் கருவிகள்: ஏணி, டார்ச், மூக்கில் கட்டக் கர்சீப், ஏணியைப் பிடித்துக்கொள்ள அந்த வீட்டுப் பையன். பையனைப் பேட்டி காணும் திட்டமும் இருந்தது. ஆனால் அவனுக்கு டெஸ்ட் இருந்தது. அவனுக்கு எப்போதுமே டெஸ்ட் இருக்கும். புள்ளிவிவரம் எதையும் இங்கே தரவில்லை. கட்டுகளை எண்ண ஆரம்பித்த வீடுகளிலெல்லாம் காபி கொடுத்துக் கீழே இறக்கிவிட்டார்கள்.

காலக்கணிப்புக்கு எந்தச் சோதனைச்சாலையும் தேவைப்படவில்லை. சரஸ்வதி பூஜையன்று வீட்டுப் பிள்ளையின் மெட்டீரியல் சாமி முன்னால் அடுக்கப்பட்டு மேலட்டையில் சந்தனமும் குங்குமமும் பெறும். மரத்துக்கு வளையம்போல மெட்டீரியலுக்குப் பொட்டு. எத்தனை பொட்டோ அத்தனை ஆண்டு அது நடப்பில் இருந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஃபவுண்டேஷன் கோர்ஸை ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடும் வீடுகளில் சில அட்டைகள் பொட்டு வைக்க இடமில்லாமல் பின்னட்டைக்குத் தாவியிருக்கின்றன. இம்முறை எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. தாம்பரம் கிழக்கில் ஒரு வீட்டில் கெமிஸ்ட்ரி கட்டுக்குள் பக்க அடையாளமாகக் காய்ந்த குருத்தோலைச் சிலுவை இருந்தது. குருத்து ஞாயிறு மார்ச்சிலோ ஏப்ரலிலோ வருவதால், பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினின் இரண்டாம் சுற்றை ஒட்டி அந்தப் பிள்ளை எந்தப் பக்கத்தில் நின்றிருந்தது என்பதைப் பொட்டைவிடத் துல்லியமாக அந்த ஓலை காட்டிவிட்டது. ஐந்தாம் பக்கம்.

இனி அடுக்குகள். எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது சோவியத் அடுக்கு. மாஸ்கோவின் மீர் பதிப்பகம் அச்சிட்டு நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாகக் கொள்ளை மலிவில் கிடைத்த இரோடோவின் இயற்பியல் கணக்குப் புத்தகம் இதன் அடையாளப் பொருள். பக்கத்தில் லோனியின் முக்கோணவியல் இருந்தால் அது தாத்தா காலத்திலிருந்து வந்தது என்று கொள்க. கும்பகோணத்தில் சிறுவன் ராமானுஜன் கணக்குப் போட்டுப் பழகிய புத்தகம் என்ற பெருமை அதற்கு உண்டு. இந்த அடுக்கு வீட்டு அப்பாவுக்கு உரியது. ஐஐடி கனவு அவருக்கும் இருந்ததென்பது அதை இறக்கும்போதுதான் வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியவருகிறது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு இந்த அடுக்கு சட்டென்று நின்றுவிடுகிறது. ஒரு வல்லரசு விழுந்தது தாம்பரத்துப் பரணில் இப்படிப் பதிவாகியிருக்கிறது.

அதன் மேலே தடித்த மாநில அடுக்கு. 1984 முதல் தமிழ்நாட்டில் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் மாநில அளவில் ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300க்குக் கட்ஆஃப் பார்த்தார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் இன்றைக்குக் கட்ஆஃப் கேட்டாலும் தொண்ணூற்றேழு புள்ளி சொச்சத்தோடு இருநூற்றைச் சேர்த்தே சொல்வார்கள். இவ்வடுக்கின் மெட்டீரியல் கொஞ்சம் வேறு சாதி. நியூஸ்பிரிண்ட் தாளில் வினா விடை, ஸ்டேப்ளர் பின் துருவேறி நடுவில் காபி நிறக் கோடு. பரீட்சை முடிந்த மதியம் விடைகளைச் சரிபார்த்து டிக் போட்ட தடயமும் இருக்கும். இந்த டிக்குகளுக்கும் பிறகு வந்த மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருந்ததாகத் தெரியவில்லை.

இந்த ஆய்வின் மையமான கேள்வி இங்கேதான் எழுகிறது. தமிழ்நாட்டில் அந்த நுழைவுத் தேர்வு ஒழிக்கப்பட்டுவிட்டது. பொறியியல் கலந்தாய்வுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200, அவ்வளவே. அப்படியிருக்கப் பரண் ஏன் காலியாகவில்லை? வரலாற்றைப் பார்த்தால் புரியும். 2005இலேயே நுழைவுத் தேர்வை ரத்து செய்து பார்த்தார்கள். உயர் நீதிமன்றம் ஒப்பவில்லை. அடுத்த ஆண்டு பிள்ளைகள் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. பிறகு 2006இல் வேறு அரசு தனிச் சட்டம் இயற்றி, 2007இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வந்த பிறகே அது போனது. 2005இல் "அதான் எடுத்துட்டாங்களே" என்று கட்டை எடைக்குப் போட்ட குடும்பங்கள் அடுத்த வருஷம் திரும்பக் காசு கொடுத்து வாங்கின. அன்றிலிருந்து, எந்த அரசு எந்தத் தேர்வை ஒழித்தாலும் தாம்பரம் பரண் அதை நம்புவதில்லை. ஒழிப்பதும் கொண்டுவருவதும் கோட்டையிலும் டெல்லியிலும் நடக்கும். இங்கே நடப்பது மேலே இன்னொரு அடுக்கு ஏறுவதுதான்.

ஏறியவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 2002இல் வந்த அகில இந்தியப் பொறியியல் நுழைவுத் தேர்வான ஏஐஇஇஇ மெல்லிய அடுக்கு. 2013இல் அது ஜேஇஇ மெயின் ஆனதும் அடுக்கு கனக்கிறது. 2019 முதல் தேசியத் தேர்வு முகமை கம்ப்யூட்டரில், வருஷத்துக்கு இரண்டு சுற்றாக நடத்த ஆரம்பித்ததும் ஓஎம்ஆர் பயிற்சித் தாள்கள் ஒரேயடியாக மறைகின்றன. கம்ப்யூட்டர் வந்தால் காகிதம் குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் போய் நிற்கலாம். டெலிகிராமில் இறங்கிய பிடிஎஃப் அங்கே ஸ்பைரல் போட்டு வெளியே வருகிறது.

நடுவே ஒரு விதிவிலக்கு. முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் 2015 டிசம்பர் வெள்ளப் படிவு உண்டு. அடையாற்றுத் தண்ணீர் தரைத்தளத்துக்குள் வந்த அந்த இரவில் கீழே கிடந்ததெல்லாம் கைக்குக் கிடைத்த வரிசையில் மேலே ஏறியது. ஆகவே அங்கே அடுக்குகள் தலைகீழ்: அடியில் ஹெச்.சி.வர்மாவின் இயற்பியல் புத்தகம், அதன் மேல் கல்யாண ஆல்பம், அதற்கும் மேல் இரோடோவ். இங்கே பக்கங்கள் நனைந்து உப்பி ஒட்டிப்போயின; மற்ற ஊர்களில் அவை வேறு காரணத்தால் ஒட்டியிருப்பதைக் கீழே காண்போம்.

ஒரு கட்டைக் கையில் எடுத்துப் பிரிக்காமல், தாள் விளிம்பை மட்டும் பாருங்கள். விரல் பட்ட இடம் சாம்பல் நிறமாக இருக்கும். யூனிட்ஸ் அண்ட் டைமென்ஷன்ஸ் பகுதி நல்ல கறுப்பு. கைனமேட்டிக்ஸ் அதைவிடக் கறுப்பு, நடுநடுவே எண்ணெய். நியூட்டன் விதிகளில் சாம்பல் வெளுக்கத் தொடங்கும். ஒர்க் எனர்ஜி வரும்போது மங்கல். ரொட்டேஷன் தொடங்கும் இடத்தில் கோடு கிழித்தாற்போல் கறை நின்றுவிடும். அதற்கப்பால் தூய வெள்ளை. புரட்டினால் இரண்டு பக்கங்கள் வெட்டுப்படாமல் சேர்ந்தே இருக்கும். கடைசியில் மட்டும் மெலிதாக ஒரு சாம்பல் பட்டை தென்படும். அது மாடர்ன் ஃபிசிக்ஸ். "அது ஈஸி, ஸ்கோரிங்" என்ற செவிவழி நம்பிக்கையின் தடயம். சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் மாடம்பாக்கத்திலும் கறை இதே இடத்தில்தான் நின்றது. வெளியிலிருந்து திருப்புவிசை எதுவும் படாதவரை சுழலும் பொருளின் கோண உந்தம் மாறாது என்று இயற்பியல் சொல்கிறது. பாடமும் அப்படியே மாறாமல் இருந்தது.

ஓரக் குறிப்புகளும் கவனிக்கத்தக்கவை. "டவுட்" என்று எழுதி வட்டமிட்டவை ஏராளம். "கேட்கணும்" என்று எழுதியவை அதைவிட. கேட்டதற்கான அறிகுறி எங்கும் இல்லை. முக்கியமான வரிக்கு ஹைலைட்டர் என்று ஆரம்பித்து, மூன்றாம் பக்கத்துக்குள் எல்லா வரியும் மஞ்சளாகி, நான்காம் பக்கத்தில் ஹைலைட்டர் தீர்ந்திருக்கிறது. பின்னட்டையின் உள்பக்கம் டைம்டேபிளுக்கு. முதலாவது டைம்டேபிள் காலை நாலு மணிக்கு எழுகிறது. அதை அடித்துவிட்டு எழுதியது ஐந்தரைக்கு. மூன்றாவதில் எழும் நேரமே இல்லை. "ஸ்கூல் விட்டு வந்ததும்" என்று தொடங்குகிறது.

இந்த அடுக்குகள் வேறு ஊர்களில் இவ்வளவு தடிக்காததற்கு இருப்பிடமும் ஒரு காரணம். தாம்பரத்து ரயில் பாதையில் வடக்கே போனால் கிண்டிக் காட்டுக்குள் ஐஐடி. உள்ளே போக ஜேஇஇ மெயின், அதில் முதல் இரண்டரை லட்சத்துக்குள் வந்தால் அட்வான்ஸ்டு. வழியிலேயே குரோம்பேட்டையில் எம்ஐடி. 1949இல் சி.ராஜம் தொடங்கிய அந்தக் கல்லூரியில்தான் அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்தார்கள். இன்று அங்கே போக பிளஸ் டூ மார்க் போதும். தெற்கே பொத்தேரியில் எஸ்ஆர்எம், வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில் விஐடி. இரண்டுக்கும் தனித்தனி நுழைவுத் தேர்வு. எந்த வாசல் திறக்கும் என்று தெரியாத வீடு எல்லா வாசலுக்கும் ஒரு கட்டு வாங்கி வைக்கிறது. என்னைக் கேட்டால் எம்ஐடி போதும் என்பேன். பரண் வைத்திருக்கும் எவரும் என்னைக் கேட்பதில்லை.

முடிவுகளின் கணிதமும் வேடிக்கையானது. ஜேஇஇ மெயின் முடிவை ஏழு தசம இடம் வரை பெர்சன்டைலில் தருகிறார்கள். பன்னிரண்டு லட்சம் பேர் எழுதினால், 99 பெர்சன்டைல் வாங்கிய பிள்ளைக்கு முன்னால் சுமார் பன்னிரண்டாயிரம் பேர் நிற்பார்கள் என்பதை மாம்பலத்து அத்தைக்கு இன்னும் யாரும் விளக்கி முடிக்கவில்லை. அவர் ஸ்வீட் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மாநிலக் கலந்தாய்விலோ கட்ஆஃப், பாட மார்க், பிறந்த தேதி எல்லாம் சமமாகிவிட்டால் கடைசியில் சமவாய்ப்பு எண் பார்ப்பார்கள். பத்து இலக்கம், கம்ப்யூட்டர் போடும் சீட்டு. அதற்கு மட்டும் மெட்டீரியல் இதுவரை எவரும் அச்சிடவில்லை. வருகிற ஆண்டுகளில் வரலாம்.

இனி, ஏன் தூக்கிப் போடுவதில்லை என்ற கேள்வி. இதில் அறிஞர்கள் அம்மா கட்சி, அப்பா கட்சி என இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள் (அரசியல் பொருள் கொள்ள வேண்டாம்). அம்மா கட்சி போகிக்குக் கழித்துவிடலாம் என்கிறது. போகி வருவது ஜனவரி 13 அல்லது 14; ஜேஇஇ மெயின் முதல் சுற்று அதே மாதக் கடைசியில். பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது மெட்டீரியலைத் தூக்கிப் போட எந்த அம்மாவுக்கும் மனசு வருவதில்லை. பாயும் பழைய முறமும் போகும், கட்டு தங்கும். அடுத்த போகிக்குள் தம்பி பத்தாவது வந்துவிடுவான். அப்பா கட்சிக்குப் பஞ்சாங்கம் வேண்டாம். "யாருக்காவது உதவும்" என்ற ஒரே வாக்கியம் போதும். முதல் பக்கத்தில் பேர்கள் அடிக்கப்பட்டு அடிக்கப்பட்டு வரிசையாக இருப்பதைப் பார்த்தால், கட்டு பெரியப்பா பெண்ணிடமிருந்து சித்தி பையனுக்கும், அவனிடமிருந்து ராஜகீழ்ப்பாக்கத்து மாமா வீட்டுக்கும் ஸ்கூட்டரில் பயணப்பட்டது தெரிகிறது. கறை மட்டும் ரொட்டேஷனைத் தாண்டியதில்லை.

எல்லாக் கட்டுகளையும் சேர்த்து மதிப்பிடத் தகுதி உள்ளவர் ஒருவர்தான்: பழைய பேப்பர்காரர். பெருங்களத்தூரில் ஒரு வீட்டில் அம்மா கட்சி வென்ற அபூர்வ நாளில் அவரைப் பார்க்க வாய்த்தது. தராசைத் தூக்கிப் பிடித்தபடி, "பேப்பருக்குத் தர ரேட்டு புக்குக்கு வராதும்மா, முன்னாடியே சொல்லிட்டேன்" என்றார். பிறகு அடுக்குகளைப் பிரித்தார். வினா விடைக் கட்டைப் பார்க்காமலேயே சாக்கில் போட்டார். ஓஎம்ஆர் தாள்களை நுனியில் சுண்டிப் பார்த்து, "இது நல்ல தாளு" என்று தனியே வைத்தார். இரோடோவ் வந்ததும் நிறுத்தி, அட்டையைத் துடைத்தார்.

"இது ரஷ்யா புக்கு சார். எடைக்குப் போடாதீங்க. மூர் மார்க்கெட்ல எடுத்துப்பாங்க."

அப்பா கட்சித் தலைவர் அதை மறுபடி வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். சாக்கு நிறைந்த பின்னும் ஒரு கட்டு மீதி இருந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத மேத்ஸ் மாட்யூல், நாலு வால்யூம். பேப்பர்காரர் அதைத் தராசில் வைக்கவில்லை.

"சீலே உடைக்கல. இதப் போயி எடைக்கா? கீழ்வூட்டுப் பொண்ணு எட்டாவது போவுதுல்ல, அதுக்குக் குடுத்துட்டுப் போறேன்."

சாக்கைத் தோளில் ஒரு பக்கமும் மாட்யூலைக் கக்கத்தில் மறுபக்கமுமாக இறங்கிப் போய்க் கீழ்வீட்டு பெல்லை அடித்தார். கதவைத் திறந்த அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்: "என்னங்க, அந்த ஏணி எங்க இருக்கு?"