கட்டிலடிப் பெட்டியியல்: கார் நிக்கோபார் மாணவரை முன்வைத்து ஓர் ஆய்வு

எந்தத் தமிழாய்வும் ஒரு சோழனில் தொடங்க வேண்டும் என்பது மரபு. இக்கட்டுரைக்கு அந்தக் கடமை எளிதில் முடிந்துவிடுகிறது. 1025-இல் ராஜேந்திரன் கடல் கடந்து நடத்திய படையெடுப்பைச் சொல்லும் தஞ்சைக் கல்வெட்டில் நக்கவாரமும், அதாவது இன்றைய நிக்கோபாரும், இடம்பெறுகிறது. ஆனால், திரும்பும் வழியில் அந்தப் படை மூட்டை முடிச்சுகளை யார் வீட்டில் போட்டுவிட்டுப் போனது என்பது பற்றிக் கல்வெட்டு வாய்திறக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளாக இவ்விடைவெளி கவனிக்கப்படாமல் கிடப்பது தமிழுலகின் தவக்குறை. ஆகவே இவ்வாய்வு.

முதற்கண் களம். கார் நிக்கோபார் சுமார் 127 சதுர கிலோமீட்டர் தீவு. 2011 கணக்கெடுப்பின்படி 17,841 பேர். பிளஸ் டூ முடித்த பிள்ளை கல்லூரிக்குப் போக வேண்டுமானால் வடக்கே ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தாண்டி போர்ட் பிளேருக்குக் கப்பலேற வேண்டும். அங்கே 1967-இல் தொடங்கிய ஜே.என்.ஆர்.எம். கல்லூரியில் இடம் கிடைக்கும். ஹாஸ்டலில் கட்டிலும் கிடைக்கும். விடுமுறை விட்டதும் கட்டிலைக் காலி செய்யச் சொல்வார்கள். அப்போது மாணவனின் கையில் எஞ்சுவன: டிரங்குப் பெட்டி, சுருட்டிய மெத்தை, தலையணை, வாளி, கொசுவலை, வார்டனுக்குத் தெரியாத ரைஸ் குக்கர். ஒரு மாத விடுமுறைக்காக இவ்வளவையும் பங்க் வகுப்பில் ஏற்றி, தீவின் மூஸ் ஜெட்டியில் இறக்கி, மறுபடி ஏற்ற எந்தத் தாய் பெற்ற பிள்ளையாலும் ஆகாது. ஹெலிகாப்டரில் டிரங்குப் பெட்டிக்கு இடம் கேட்பவனைப் பார்த்து யாரும் கோபப்பட மாட்டார்கள், சிரிப்பார்கள்.

மேலைநாட்டார் இதற்கு ஒரு வழி கண்டனர். 1960-களில் டெக்சாஸில் ஷட்டர் போட்ட சிற்றறைகளை வரிசையாகக் கட்டி மாத வாடகைக்கு விட்டார்கள். இன்று அமெரிக்காவில் இப்படி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வளாகங்கள். சென்னையிலும் பெங்களூரிலும்கூட வீட்டுக்கே வந்து பெட்டியை எடுத்துப்போய் ஸ்டிக்கர் ஒட்டி வைக்கிறார்கள். இது கார் நிக்கோபாருக்கு ஏன் வரவில்லை? 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி வெளியாள் அனுமதியின்றி அங்கே நிலம் வாங்கவோ வியாபாரம் செய்யவோ முடியாது. காரணம் இவ்வளவுதான். ஒரே வரியில் முடியும் காரணத்தை வைத்து எந்தப் பல்கலைக்கழகமும் முனைவர் பட்டம் தராது என்பதால் மேலே செல்வோம்.

நிக்கோபாரி மாணவனின் நிலை தனி. அங்கே தோப்பும் வீடும் தூஹெட் எனப்படும் கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தம். தூஹெட்டில் ஒருவர் போர்ட் பிளேரில் வேலையில் இருந்தால் போதும், பெட்டி அங்கே போய்ச் சேரும். நுண்ணிதின் நோக்கின், குடும்பத்தின் பெட்டி குடும்பத்தின் வீட்டில் இருக்கிறது; யாருக்கு யார் வாடகை தருவது? திரும்பி வரும்போது கொசுவலைக்குள் சித்தப்பா மகன் தூங்கிக்கொண்டிருப்பான். அதற்கும் வாடகை கிடையாது.

இனிப் பொருள் வகைமை. வாளி: வைக்கப்படுவதில்லை, ஜூனியருக்குப் போய்விடும். மெத்தை: தலையணை காண்க. தலையணை: மெத்தை காண்க. சான்றிதழ்க் கோப்பு: எங்கும் விட்டுவைக்கலாகாது, கூடவே போக வேண்டும்; காரணம் 2004 டிசம்பர் 26. சுனாமியில் கார் நிக்கோபாரின் மலாக்கா ஊரையும் மற்றக் கரையோர ஊர்களையும் கடல் கொண்டுபோன நாள் அது. இந்த வகையைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு மனமில்லை.

டிரங்குப் பெட்டிக்கு வருவோம். தீவில் கடை வைத்திருக்கும், அரசு வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பத்துப் பையனுக்கு போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டிலோ டெலானிப்பூரிலோ அத்தை ஒருத்தி கட்டாயம் உண்டு. ரத்த உறவு இல்லாவிட்டாலும் அத்தைதான். "ஒரு மாசந்தான் அத்தை." "அதுக்கென்னப்பா, கட்டிலுக்கு அடியில தள்ளிவிட்டுப் போ." இவ்வுரையாடலோடு பெட்டியின் வரலாற்றுக்காலம் முடிந்து, தொல்லியல்காலம் தொடங்குகிறது.

முதல் வாரம் பெட்டி தனியாக இருக்கிறது (சான்று: கட்டிலடி, சுவர்ப்பக்கம்). அடுத்து அதன்மேல் டெய்லி டெலிகிராம்ஸ் நாளேட்டின் பழைய இதழ்க் கட்டு ஏறுகிறது. இவ்வடுக்கு ஆய்வாளருக்குப் பெருங்கொடை. ஒவ்வொரு தாளிலும் தேதி இருப்பதால் கரிமச் சோதனைக்கு வெளிநாடு அனுப்ப வேண்டியதில்லை. மூன்றாம் அடுக்கு, உரிக்காத தேங்காய் (சான்று: பெட்டி மூடி, வலது ஓரத்து நசுங்கல், துரு படிந்த பாடம்). நான்காவது, பொங்கலுக்கு மட்டும் வெளியே வரும் பித்தளைப் பானை. ஐந்தாவது, இறக்கை இல்லாத மேசை விசிறி. இது எக்காலத்தது, ஏன் தூக்கிப் போடப்படவில்லை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு (சான்று: மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம், பால்கணக்குக்கும் கேஸ் சிலிண்டர் கணக்குக்கும் இடையிலான இடைச்செருகல்; அத்தையின் மூலபாடமும் மாமாவின் மறுப்புரையும் சேர்ந்த பதிப்பு; எலி கடித்த பகுதி ஊகத்தால் நிரப்பப்பட்டது). இவ்வடுக்குகளைத் தோண்டத் தொடங்கியவரை நடுவில் இடமாற்றம் செய்யக் கூடாது என்பது தமிழ்நாட்டு அகழாய்வு நமக்குக் கற்றுத்தந்த பாடம்.

பையன் கப்பலிலிருந்து இறங்கி வரும்போது, பெட்டி அந்த வீட்டின் அஸ்திவாரங்களுள் ஒன்றாகிவிட்டிருக்கும். "அதை உருவினா பானை உருண்டுரும்ப்பா, சட்டையை மட்டும் எடுத்துக்கோ" என்கிறாள் அத்தை. மூடியை நாலு விரல் தூக்கி, கையை முழங்கை வரை விட்டு, துணியின் தடிமனை வைத்தே இது சட்டை, இது லுங்கி என்று அறியும் தடவல்முறையை மாணவர்கள் தாமாகவே வளர்த்தெடுத்துள்ளனர். நம் சுவடிப் பதிப்பாசிரியர்கள் சிலரும் இம்முறையையே கையாள்கிறார்கள் என்பது வெள்ளிடைமலை.

வாடகை உண்டா? ரூபாயாக இல்லை. நிக்கோபாரில் தேங்காயே நெடுங்காலம் நாணயம்போல் புழங்கியது. மூட்டைத் தேங்காயோடு வருபவன் வாடகை கொடுத்தவனே. தேங்காய் போதாத இடத்தில் உழைப்பு: கப்பல் டிக்கெட் கவுண்டரில் மாமாவுக்காக வரிசையில் நிற்றல், அத்தை மகனுக்கு அல்ஜீப்ரா. கணக்குப் போட்டால் சென்னை நிறுவனத்தின் மாத வாடகையே மலிவு. ஆனால் அங்கே பெட்டியைத் திருப்பிக் கேட்டால் சோறு போட மாட்டார்கள்.

ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆனது. அறிவிப்பில் சோழர் கடற்படைத்தளம் என்ற பெருமையும் பேசப்பட்டது. ராஜேந்திரன் படையெடுத்துப் போன நாட்டின் பெயரும் ஸ்ரீவிஜயம்தான் என்பதை வரலாற்றுத் துறையினர் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். நம் கவலை வேறு. பெட்டியின்மேல் எனாமல் பெயிண்டில் "போர்ட் பிளேர்" என்றிருக்கிறது. ஊர் மாறிவிட்டதால், ஓர் அங்குலமும் நகராத பெட்டி இடம்பெயர்ந்த பெட்டியா? இதைத் தீர்க்க மூன்று நாள் பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்று தேவை. பை, பேனா, சான்றிதழுடன்.

பெட்டியின் உள்ளடக்கம் பற்றித் தனி இயல் எழுதப்பட்டு நீக்கப்பட்டது. அதே கட்டிலடியில், விசிறிக்கும் கீழே, என் நெறியாளரின் மாணவப் பருவத்துப் பெட்டியும் இருக்கிறது. வாய்மொழித் தேர்வு அடுத்த மாதம்.