சங்கிலி முதல் சில்லு வரை: கிளம்ப மறுக்கும் காரும் திருவொற்றியூர் மரபும்

கிளம்பாமை வேறு, கிளம்ப மறுத்தல் வேறு. முன்னது இயலாமை, பின்னது கொள்கை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு பானெட்டைத் தூக்குவோரின் பிழையைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம். பேட்டரி செத்த கார் 'டிக்' என்று ஒரு சொல் சொல்லி அடங்கும், அது இயலாமை. திருட்டுத் தடுப்புக் கருவியான இம்மொபிலைசர் மறித்த காரோ, பல மாடல்களில், செல்ஃப் நன்றாக அடித்து, ஓரிரு நொடி உயிர்த்து, பிறகு அணையும். டாஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ போட்ட சிறு விளக்கு கண்சிமிட்டும். செல்ஃபையே அடிக்க விடாத மாடல்களும் உள, அவை புறனடை. பெட்ரோல் இல்லாமை பொருளாதாரத் துறைக்கு உரியது, இங்கு விலக்கப்பட்டது.

மறுப்பின் இலக்கணம் எளிது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசியளவு சில்லு ஒன்று உறங்குகிறது. அதற்கு பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள வளைய வடிவக் கம்பிச்சுருளான 'காயில்', பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில், சக்தியை அனுப்பி அதை எழுப்பிக் கேள்வி கேட்கும். சில்லு சரியான விடை சொன்னால் இன்ஜினின் மின்னணு மூளையான ஈசிஎம் பெட்ரோலைத் திறந்துவிடும், இல்லையேல் மூடும். கேட்கும் எல்லை சில சென்டிமீட்டர்தான். நடைபாதைச் சாவிக்காரர் இரும்பை மட்டும் வெட்டித் தரும் மாற்றுச் சாவி கதவைத் திறக்கும், பூட்டையும் திருப்பும். இன்ஜின் மட்டும் அதை நம்பாது. இக்கருவியை ஐரோப்பிய ஒன்றியம் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களில் கட்டாயமாக்கியது. அதைக் கொண்டு இது மேற்கத்தியக் கண்டுபிடிப்பு என்போர் திருவொற்றியூர்ப் பக்கம் வராதவர்கள்.

பெரியபுராணத்தை நுட்பமாக வாசிக்க வேண்டும். நுட்பமாக என்றால், நமக்கு வேண்டிய இடத்தில் மட்டும். சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது, ஊரை விட்டுப் பிரியேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சன்னதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் இறைவன் சற்று விலகி மகிழ மரத்தடியில் இருக்கட்டும் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டார். இறைவனும் இசைந்தார், இசைந்த கையோடு சங்கிலியாரின் கனவில் தோன்றி, மரத்தடியிலேயே சத்தியம் வாங்கச் சொன்னார். இதன் தொழில்நுட்பப் பொருளை இதுவரை எந்த உரைகாரரும் கண்டதாகத் தெரியவில்லை. காயிலுக்கு எட்டாத தூரத்தில் சில்லை வைத்து வேலையை முடித்துக்கொள்ளும் முயற்சி இது. காயிலை இடம் மாற்றி அது முறியடிக்கப்பட்டது. பின்னர் சுந்தரர் எல்லையைத் தாண்டினார், இரு கண்ணும் அணைந்தன. ஓரிரு நொடி உயிர்க்கவிட்டு அணைக்கும் இன்றைய முறையே இது. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டினர்; ஐரோப்பிய ஒன்றியத்தின் காலத்தை மேலே கண்டோம். கழித்தலை வாசகருக்கே விடுகிறோம்.

சங்கிலி என்பது ஓர் அம்மையாரின் பெயர், கருவியன்று என்பர் ஒரு சாரார். அவ்வூரிலேயே இன்றும் சைக்கிளைக் கம்பத்தோடு பிணைப்பது எது என்று கேட்டால் மௌனம் காப்பர். எதிர்வாதம் வீழ்ந்தது என்று கொள்க. வீழாவிடில் தள்ளுக. கருத்தைத் தள்ளலாம், காரைத் தள்ளலாகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்: தள்ளி ஸ்டார்ட் செய்தல் பேட்டரிக்கு மருந்து, அடையாளம் தெரியவில்லை என்று நிற்கும் வண்டியை நாலு பேர் தள்ளினாலும் அதற்கு அடையாளம் தெரிந்துவிடாது.

இனி நம் கோட்பாடு. கார் நின்றால் முதற்கண் ஐயுற வேண்டியது காரையன்று, சாவிக்கொத்தை. ஒரே வளையத்தில் இன்னொரு வண்டியின் சில்லுச் சாவி தொங்கினால் இரண்டும் ஒரே நேரத்தில் விடை சொல்லும், காயில் குழம்பும். கம்பெனி வாசலில் காட்டும் வருகை அட்டைகளில் இதே 125 கிலோஹெர்ட்ஸ் வகையும் உண்டு. ஆகவே மணலிக்கோ எண்ணூருக்கோ ஷிப்டுக்குப் புறப்படுபவர் அட்டையைச் சாவியோடு சேர்த்துப் பிடித்தால், அவரைத் தொழிற்சாலை ஏற்கும், கார் ஏற்காது. கொத்திலிருந்து சாவியைத் தனியே கழற்றிப் போட்டுப் பார்த்தலே முதற் சிகிச்சை. இரண்டாவது, பீரோவில் உள்ள மாற்றுச் சாவி. அது வேலை செய்தால் குற்றம் சாவியில். அதுவும் மறுத்தால் காயிலிலோ வயரிலோ. ரிமோட்டின் வட்ட பேட்டரியை மாற்றுவது கதவுக்கு நல்லது, சில்லுக்குத் தொடர்பில்லாதது. பட்டன் ஸ்டார்ட் வண்டி மட்டும் விலக்கு: அங்கே பேட்டரி தீர்ந்த ரிமோட்டை, மாடலுக்கேற்ப, பட்டனோடு ஒட்டிப் பிடித்தோ அதற்கென உள்ள இடத்தில் வைத்தோ அழுத்த வேண்டும்.

உப்புக் காற்றை மறந்தீர் என்று காசிமேட்டுப் பள்ளியினர் கண்டிப்பர். கண்டனம் நியாயமானதே. கடலோரத்தில் கனெக்டர் பின்களில் பச்சை பூக்கும். பேட்டரி முனைகளில் வெள்ளை பூக்கும். வோல்டேஜ் தாழ்ந்தால் ஈசிஎம் விடையைச் சரியாகக் கேளாது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கனெக்டரைப் பிடுங்கித் துடைத்துத் திரும்பச் செருகுவதை எவரும் வீட்டில் செய்யலாம். ஆயினும் உப்பு எல்லார் காருக்கும் பொது. கொத்து அவரவர் தனிச்சொத்து. சில்லு கேள்விக்கு விடை சொல்லும் முறைக்கோ கல்வெட்டுச் சான்றும் உண்டு: 'ஒலி எழுப்பவும்' (எண்ணூர் விரைவுச்சாலை, துறைமுகம் நோக்கிய வரிசை, நின்றுகொண்டிருந்த கன்டெய்னர் லாரி, பின்பலகை, இரண்டாம் வரி, 'லி' சேற்றால் சிதைந்தது, ஊகித்துப் படிக்கப்பட்டது, எலுமிச்சம்பழம் தொங்கும் கயிற்றால் மறைந்த பகுதியைக் காற்றடிக்கும்போது ஒப்புநோக்குக). கேட்டால்தான் பதில், பதிலிருந்தால்தான் வழி என்னும் சில்லின் முழுத் தத்துவமும் இவ்வொரு வரியில் அடங்கும்.

இத்துறையில் மெய்யான ஆய்வும் நடந்திருப்பதை மறைக்க முடியவில்லை. மெகாமோஸ் என்னும் சில்லின் ரகசியக் குறிமுறையை ஆய்வாளர் மூவர் உடைத்தனர். ஃபோக்ஸ்வாகன் வழக்குத் தொடுத்தது. 2013இல் அவர்களின் கட்டுரையை வெளியிட இங்கிலாந்து நீதிமன்றம் தடை விதித்தது. 2015இல், ஒரே ஒரு வாக்கியத்தை நீக்கிய பிறகு, அக்கட்டுரை வெளிவந்தது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டாண்டு! நம் முனைவர் பட்ட ஆய்வேடுகளில் நூறு பக்கத்தை நீக்கினாலும் வழிகாட்டிக்கே தெரியப்போவதில்லை.

வீட்டு வைத்தியத்தின் எல்லையையும் சேக்கிழாரே வகுத்துள்ளார். இரு சாவியும் மறுத்து, கனெக்டர் பின்களைத் துடைத்தும் விளக்கு சிமிட்டினால் ஸ்கேனர் வேண்டும். ஈசிஎம்மை மாற்றினால் சாவியைப் புதிதாக அறிமுகம் செய்யவும் வேண்டும். சுந்தரருக்கும் உடனே சரியாகவில்லை. திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. இது டோயிங் வண்டி. காஞ்சியில் இடக்கண் வந்தது, திருவாரூரில்தான் வலக்கண். ஒரே வேலைக்கு இரண்டு ஒர்க்‌ஷாப் ஏன் என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. பில் இரண்டா ஒன்றா என்பது பற்றிப் புராணம் மௌனம் சாதிக்கிறது.